தலையைக் குனிந்து ஓடுகிறவனுக்கு

கதிர்,

நேற்றுக் காலை உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் ஏதாவது சொல்வேன், நீ "சரிப்பா" என்பாய், அத்தோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவில் நிறைய இடம் விட்டு அச்செடுத்து அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. அரைப் பக்கம் தாண்டியதும் உனக்குக் கண்ணுக்குப் பின்னால் அழுத்தம் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். தொடங்கியதும் மூடி வைத்துவிட்டு மறுநாள் எடு. ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன்னால் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துவிடு. நான் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. அதை மட்டும் தனியாகச் சொன்னால், அப்பா பழைய சண்டையை மறுபடி ஆரம்பிக்கிறார் என்று தூக்கிப் போட்டுவிடுவாய். ஆகவே அந்தச் சண்டையை முதலிலிருந்து, உன் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

நாம் இருவரும் இத்தனை வருடங்களில் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினால் பெரும்பாதி நீ எப்படி ஓடுகிறாய் என்பதைப் பற்றித்தான் இருக்கும். மற்ற அப்பாக்கள் மகன்களிடம் படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி, பெண்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நாம் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் தயிர்க் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்து, இந்த இடைவெளிக்குள் நீ போயிருக்க வேண்டுமா, சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டுமா என்று பேசினோம். உன் அம்மா சோறு ஆறுகிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போவாள். உனக்கும் எனக்கும் நடுவில் வேறு பாதை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பேச்சு நின்றால் நாம் பேசவே மாட்டோமோ என்ற பயத்தில்தான் நானும் அதை விடாமல் வளர்த்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குப் பதினைந்து வயதில் அது தொடங்கியது. அதற்கு முன் இங்கே ஸ்டுட்கார்ட்டில் நம் பகுதிக் கால்பந்துக் குழுவில் உன்னைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்திருந்தார்கள். குட்டையாகவும் தடித்தும் இருந்தாய். ஒருநாள் உன் வகுப்புத் தோழன் ஃபெலிக்ஸ் உன்னை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு மைதானத்துக்கு அழைத்துப் போனான். அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். நீ தோளில் பட்டையும் தலையில் கவசமுமாக வந்து நின்றபோது எனக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. நீதான் சொல்லிக் கொடுத்தாய். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் பதினொரு பேரையும் தாண்டி ஓட வேண்டும். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. அப்படிப் பந்தை வாங்கி ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். "அதாம்பா நான்" என்றாய். அதற்கு முன் எதைப் பற்றியும் நீ அப்படி மார்பில் கை வைத்துச் சொன்னதில்லை.

முதல் ஆட்டம் பார்க்க நானும் அம்மாவும் வந்தோம். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த சிவநேசனும் வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அடுமனையில் விடியற்காலை வேலை, மத்தியானம் முழுக்க ஓய்வு. உன்னைத் தன் மருமகன் மாதிரி நினைத்திருந்தவர். முதல் முறை உன் கையில் பந்து வந்தபோது நீ ஒதுங்கவே இல்லை. எதிரே நின்றவனை நோக்கி நேராகப் போனாய், தலையைக் குனிந்தாய், இடித்தாய். அவன் சாய்ந்தான். இரண்டாமவன் இடுப்பைப் பிடித்தான், மூன்றாமவன் முதுகில் ஏறினான். மூன்று பேரையும் சுமந்துகொண்டு நான்கு கஜம் போய்த்தான் விழுந்தாய். விழும்போதும் முன்பக்கமாகவே விழுந்தாய். சுற்றி நின்ற ஜெர்மன்காரர்கள் உன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கத்தினார்கள். அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். "பாத்தியளோ அண்ணை, மூண்டு பேர் பிடிச்சும் விழேல்லை" என்றார் சிவநேசன். நான் பார்த்தது வேறு. இடிக்கும் கணத்தில் உன் தோளுக்கு முன்னால் உன் தலை போனதைப் பார்த்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கார் ஒரு சுவரில் மோதினால் எந்தத் தகடு எப்படி மடங்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது. இந்த ஸ்டுட்கார்ட்டில் அதைத்தான் இத்தனை காலமாகச் செய்து சோறு தின்கிறேன். அதனால் எனக்கு உன் ஓட்டத்தை மற்றவர்கள் மாதிரிப் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே ஆரம்பித்தேன். "கார் ஏன்டா முன்னாடி நசுங்குது? உள்ள இருக்கிறவன் நசுங்கக் கூடாதுன்னுதான். உன் ஹெல்மெட் நசுங்காது. அப்ப நசுங்குறது எது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நான் கார் இல்லப்பா" என்றாய். அம்மாவும் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைவு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் படம் பிடித்தேன். திங்கட்கிழமை நீ பயிற்சி முடிந்து வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். உன் பலங்களை நான் மறுத்ததே இல்லை, அதை இங்கேயும் சொல்கிறேன். உன் கால்கள் குட்டை, உடம்பின் பாரம் கீழே இருக்கிறது, அதனால் உன்னைச் சாய்ப்பது கடினம். பந்தை நீ நழுவவிட்டு நான் பார்த்தது மிக அபூர்வம். இரண்டு கஜம் வேண்டுமென்றால் இரண்டு கஜம் கொண்டுவந்து கொடுப்பாய். முதல் அடியில் விழமாட்டாய். உன் பயிற்சியாளர் அதற்காகவே உன்னை வைத்திருந்தார். குறைகளும் நமக்குத் தெரியும். வேகம் போதாது. வெளிப்பக்கம் வயல் மாதிரி திறந்து கிடந்தாலும் உன் கண் அங்கே போகாது. எதிராளியின் தோளில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போக உனக்கு வராது. ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் அதோடு அந்த ஓட்டம் முடிந்துவிடும், யாரும் இடிக்க முடியாது. அந்தச் சலுகையை நீ ஒரு தடவைகூட எடுத்துக்கொண்டதில்லை. கோட்டுக்கு ஒரு அடி தள்ளி நின்று, திரும்பி உள்ளே வந்து இடிப்பாய். நான் படத்தை நிறுத்தி, "இங்க பாரு, இங்க வெளிய போயிருக்கலாம்" என்பேன். "போயிருந்தா ஒரு கஜம் குறைஞ்சிருக்கும்பா" என்பாய்.

ஃபெலிக்ஸும் அதே இடத்தில்தான் ஆடினான், உனக்கு மாற்றாக. மெலிந்தவன், வெளியே சுற்றிக்கொண்டு ஓடுவான், யாராவது நெருங்கினால் கோட்டைத் தாண்டிவிடுவான். சில சமயம் பின்னால் போய் இருந்ததையும் இழப்பான், சில சமயம் ஒரே ஓட்டமாக மைதானத்தின் முனைக்குப் போய்விடுவான். நான் அவனைக் காட்டிக் காட்டித்தான் உன்னிடம் வாதாடினேன். "அவன் அறிவோட ஓடுறான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். நீ எழுந்து போய்விட்டாய். அடுத்த வாரம் எதுவும் நடக்காதது மாதிரி வந்து உட்கார்ந்தாய். சிவநேசனிடம் இதைச் சொன்னேன். அவர் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அவர் வீட்டில் தொலைபேசி அடித்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் சொன்னார்: "அண்ணை, நீங்கள் சொல்லுறது சரிதான். ஒதுங்கிப் போனா உடம்புக்கு நல்லது. ஆனா நாங்கள் ஊரிலையும் ஒதுங்கி, கொழும்பிலையும் ஒதுங்கி, இஞ்சை வந்தும் ஒதுங்கித்தானே நிக்கிறம். இவனொருத்தன் நேரை போறான். அதைப் பாக்கத்தான் நான் வாறனான்." நான் படிப்புக்கு என்று விரும்பி வந்தவன். என்னை யாரும் துரத்தவில்லை. அவர் முன்னால் தலைக்கவசத்தைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

உன் ஓட்டத்தில் ஒரு அழகு இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். ஒரு அக்டோபர் மழையில் மைதானமே சேறாகிக் கிடந்த நாளை நினைத்துப் பார். கடைசி நிமிடங்கள். உன் குழு பின்தங்கியிருந்தது. எல்லாப் பந்தையும் உன்னிடமே கொடுத்தார்கள், எதிராளிகளுக்கும் அது தெரியும். நீ ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் முட்டினாய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்தாய். கடைசியில் உன் குழுவின் பெரிய பையன்கள் எல்லாம் உன் முதுகில் கை கொடுத்துத் தள்ள, ஒரு குவியலாக எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தீர்கள். கேக் விற்கும் மேசையில் மற்ற அம்மாக்களோடு நின்று வடை விற்றுக்கொண்டிருந்த உன் அம்மா, வடைத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். நானும் கத்தினேன். படத்தில் கேட்கும், என் குரல்தான். வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல, இப்படி ஓடக் கூடாது என்றேன். நீ சேற்றோடு நின்றபடி, "நீங்கதான்பா கத்துனீங்க" என்றாய்.

தலையில் முதல் பலத்த அடி ஜூனியர் அணியில் ஆடும்போது பட்டது. காரில் வரும்போது எத்தனைக்கு எத்தனை என்று என்னிடம் கேட்டாய். சொன்னேன். சிக்னல் தாண்டியதும் மறுபடி கேட்டாய். வீட்டு வாசலில் மறுபடி. கொஞ்சம் தலை கிறுகிறுத்திருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பயிற்சியாளர் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தூங்கி எழுந்தாய், சரியாகிவிட்டது. இரண்டாவது, நீ ஆஹென் நகரில் இயந்திரவியல் படிக்கப் போய், அங்கேயும் ஒரு குழுவில் சேர்ந்து ஆடியபோது. உன்னோடு அறையில் இருந்த மதுரைப் பையன் போன் செய்தான். "அங்கிள், பயப்படாதீங்க, அவன் நல்லாத்தான் இருக்கான். ஆனா பஸ்ல தப்பான ஸ்டாப்ல இறங்கி உக்காந்துட்டு எனக்கு போன் பண்ணினான், எங்க இருக்கேன்னு தெரியலன்னு" என்றான். நான் ரயில் பிடித்து வந்தேன். நீ எனக்கு மாணவர் உணவகத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஒன்றுமில்லை என்று சிரித்து, திருப்பி அனுப்பிவிட்டாய்.

மூன்றாவது, உலகக் கோப்பைக் கால்பந்து இந்த நாட்டில் நடந்த கோடையில். விடுமுறைக்கு வந்திருந்த நீ பழைய குழுவுக்காக ஆடினாய். ஊர் முழுக்கக் காரில் கொடி கட்டிக்கொண்டு அந்தக் கால்பந்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தது, நாம் ஒரு சிறு கூட்டம் இந்த மைதானத்தில் நின்றோம். இடது பக்கம் திறந்திருந்தது. உயரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரிந்ததா என்று தெரியாது. நீ உள்ளே போனாய். எதிரே வந்தவனும் தலையைக் குனிந்திருந்தான். அந்தச் சத்தத்தை அம்மா இன்னும் சொல்வாள். நீ உடனே எழுந்துவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். நீ நிதானமாக நடந்து போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தாய். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே இருக்கப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். பிறகு அவர்களில் ஒருவன் உன் தோளில் கை போட்டு உன்னை மைதானத்துக்குக் குறுக்கே நடத்திக் கூட்டிவந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கலாம். பாதிதான் தெரியும். உன் அறையில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிடந்த மாதங்களில் வெளியே இருந்தவர்கள் நாங்கள். குக்கர் விசில் உனக்கு ஆகாது என்று அம்மா சட்டியில் சோறு வடித்தாள். வீட்டில் செருப்பில்லாமல் நடந்தோம். ஆஹெனிலிருந்து உன் புத்தகங்கள் பெட்டியில் வந்தன, பெட்டியை நீ பிரிக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தாய், எறிந்துவிட்டு, யார் எறிந்தது என்பது போலப் பார்த்தாய். அதைத் துடைத்துக்கொண்டே அம்மா, "கை நழுவிடுச்சுடா, பரவாயில்ல" என்றாள். நரம்பு மருத்துவரைப் பார்க்க டெர்மின், ஒரு தேதி, கிடைக்கவே பல வாரம் ஆனது. ஸ்கேன் படங்களில் எதுவும் தெரியவில்லை என்றார். "அப்படியென்றால் சரியாகிவிட்டதா?" என்று கேட்டேன். "படத்தில் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். இன்னொரு அடி எப்படி முடியும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். நீ அப்போது ஜன்னல் பக்கம் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னதுதான் நடந்தது. அத்தனை வருட வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அதைவிட அற்பமான ஒன்றை நான் வாழ்க்கையில் பெற்றதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஃபெலிக்ஸ் உன்னைப் பார்க்க வந்தான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். சமையலறையில் அவனுக்குத் தேநீர் கொடுத்தேன். நன்றாக இருந்தான், முகம் தெளிவாக இருந்தது, இயன்முறை சிகிச்சைப் படிப்பை முடிக்கப் போவதாகச் சொன்னான். நான் வயிற்றெரிச்சலில், "நீ ஓடுற மாதிரி ஓடுன்னு அவன்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன்" என்றேன், ஜெர்மனில். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "கதிர் சொல்லியிருக்கிறான்" என்றான். "ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. முதல் பாதி முழுக்க அவன் நடுவில் போய் இடிப்பான். அதனால் அவர்கள் எல்லோரும் நடுவுக்கு வந்து நெருங்கி நிற்பார்கள். பிறகு பயிற்சியாளர் என்னை இறக்குவார். எனக்கு வெளியே இடம் இருந்தது, ஏனென்றால் அவன் உள்ளே இருந்தான். அவன் இல்லாத ஆட்டங்களில் நான் எப்படி ஆடினேன் என்று படத்தில் பாருங்கள்." அவன் போன பிறகு பார்த்தேன். அவன் சொன்னது சரி. நீ இல்லாத ஆட்டங்களில் அவன் ஓடிய இடமெல்லாம் ஆள் நின்றது. நான் உனக்கு உதாரணமாகக் காட்டிய ஒவ்வொரு நல்ல ஓட்டத்துக்கும் இடம் செய்து கொடுத்தது உன் தலை. உனக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூட நீ அதை எனக்குப் பதிலாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

போன வருடம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு சிவநேசன் குடும்பத்தோடு வேனில் போனோமே, நீயும் வந்தாய். தேர் கிளம்பியதும் மேளச் சத்தமும் வெயிலும் தாங்காமல் திரும்பிப் போய், வேனில் தலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரையில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். அவள் இன்னும் கும்பிடவில்லை. "அவனுக்குத் தலைவலி போகணும்னு வேண்டிக்கிட்டா, போனதும் விளையாடப் போயிடுவான். விளையாடப் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா, தலைவலி இருக்கட்டும்னு வேண்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் என்னதாங்க கேக்கட்டும்?" என்றாள். "ஒண்ணும் கேக்காத, சும்மா கும்பிட்டுட்டு வா" என்றேன். அப்படியே செய்தாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. தலைவலி குறைந்தது. ஷட்டரைத் தூக்கினாய், ஓடப் போனாய், ஒரு கிடங்கில் பாதி நாள் வேலைக்கும் போனாய். நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது வடக்கிலிருந்து ஒரு குழு உன்னை ஆடக் கூப்பிட்டது. நீ சாப்பாட்டு மேசையில் சொன்னாய். நான் ஏதும் சொல்வதற்குள், "ஸ்டைல மாத்திக்கிறேம்பா. இனிமே நீங்க சொன்ன மாதிரியே வெளிய ஓடுறேன். யாராவது கிட்ட வந்தா கோட்டத் தாண்டிடுறேன்" என்றாய். "அடிபடாம ஆடணும்னா ஆடாம இருந்தா என்னடா?" என்று அம்மா கேட்டாள். "ஏலாதும்மா" என்றாய். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணப் பிள்ளைகளிடம் பிடித்த அந்த வார்த்தையை நீ எப்போதும் விளையாட்டாகத்தான் சொல்வாய். அன்று விளையாட்டில்லை. "இது இல்லாம இந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்தேன்னு நீங்க பாத்தீங்க இல்ல? அதுலயும் தலைவலி பாதிதாம்மா. மீதி என்னன்னு உங்களுக்குத் தெரியாது" என்றாய்.

பத்து வருடம் நான் கேட்டதை நீ கொடுத்துவிட்டாய். ஒரு நாள் முழுக்க அதை நம்பினேன். மறுநாள் உன்னைப் பழைய மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். உனக்கு உதவ ஃபெலிக்ஸ் வந்திருந்தான். அவன் கையில், இடித்துப் பழகுவதற்கான பெரிய பஞ்சுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் தனியாக நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் முழு மைதானமும் காலி. நீ பந்தோடு ஓடிவந்தாய். இரண்டு எட்டு வெளிப்பக்கம் வைத்தாய். பிறகு உன் தோள் திரும்பியது, தலை தாழ்ந்தது, அவன் நெஞ்சில் போய் மோதினாய். ஃபெலிக்ஸ் தடுப்பைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் ஏதோ சொன்னான், நீ தலையாட்டினாய். மறுபடி ஓடினாய். மறுபடி அதேதான். அன்று நீ என்னை ஏமாற்றவில்லை என்று எனக்குப் புரிந்தது. மாற்றிக்கொள்ள முடியும் என்று நீ நிஜமாகவே நினைக்கிறாய். ஆள் எதிரே வரும் அந்த நொடியில் யாரும் யோசித்து ஓடுவதில்லை. அந்த நொடியில் நீ யாரோ, அப்படித்தான் ஓடுவாய்.

ஆகவே நான் இனி உன் ஓட்டத்தைப் பற்றி வாதாட மாட்டேன். எப்படி ஓடு என்று சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை. போகாதே என்று சொல்லவும் முடியாது, நீ போய்விட்டாய். உன் மருத்துவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன், நீ கோபப்படுவாய் என்று தெரிந்தும். அவரைத் தடுக்கச் சொல்லிக் கேட்டேன். "உங்கள் மகன் வயது வந்தவர்" என்றார், இரக்கத்தோடுதான் சொன்னார். வாசல்வரை வந்து கை கொடுத்தார்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இத்தனையும். நேற்றுக் காலை அம்மா வாசலிலேயே உன்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன், நான் வரவில்லை என்று உன்னிடம் சொன்னாள். நீ குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். நீயும் அழுதாய். படிக்கட்டில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாய், நான் பார்த்தேன். பிறகு காரில் வந்தோம், குளிர் குறைந்துவிட்டதைப் பற்றி ஏதோ பேசினோம். பிளாட்பாரத்தில் உன் பையை ஏற்றிக் கொடுத்தேன். நீ ரயிலின் வாசலில் நின்று என் பின்னால் கூட்டத்தைத் துழாவிப் பார்த்தாய்.

"அம்மா ஏம்பா வழியனுப்ப வரல?" என்று கேட்டாய். "எம்மேல கோவமா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "கோவமெல்லாம் இல்லடா, கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றேன். "போகும்போது என்னையப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாய். கதவு மூடிவிட்டது.

நீ குணமாகவில்லை, கதிர். உனக்கே அது தெரியாது, அதனால் யாரிடமும் நீ பொய் சொல்லவில்லை. அங்கே உன்னை ஆடவிடும் முன் சோதிக்கும் மருத்துவரிடம் நேற்று நடந்த இதை மட்டும் சொல். சொல்ல வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் ஜெர்மனில் வாசித்துக் காட்டு. நான் கேட்பது இது ஒன்றுதான். நீ சொல்வாய் என்று நம்பி எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும், "ரயில் ஏறும்போது என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "உன்னத்தான் விசாரிச்சான்" என்றேன். "இப்பத்தானே பாத்துட்டுப் போனான்" என்று சொல்லிச் சிரித்தாள். நேற்றிலிருந்து அதை இரண்டு பேரிடம் போனில் சொல்லிவிட்டாள்.

அப்பா